‘கள்’ என்னும் வினையடியும் களவின் பொருட்பரப்பும்: மரக்காணம் உப்பளக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் ‘களவு’ என்னும் சொல் அகப்பொருள் மரபில் உயர்ந்த காதலொழுக்கத்தையும், அறநூல் மரபில் பிறர்பொருள் கவரும் குற்றத்தையும் சுட்டுகிறது. இவ்விரு பொருள்களையும் தொடர்பற்றனவாகவோ, ஒன்றிலிருந்து மற்றொன்று உருவகமாக விரிந்ததாகவோ கொள்ளும் போக்கு ஆய்வாளரிடையே காணப்படுகிறது. ‘கள்’ என்னும் வினையடியின் மையப்பொருள் கவர்தல் அன்று, மறைத்தல் என்பதே இக்கட்டுரையின் வாதம். நெய்தல் இலக்கியத்திலும், ஆங்கில ஆட்சிக்கால உப்புச் சட்டத்திலும், 2023ஆம் ஆண்டின் சாராயச் சாவுகளிலும் தொடர்ந்து இடம்பெறும் மரக்காணம் கடற்கரை இவ்வாதத்திற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: களவு, கள்ளம், திருட்டு, நெய்தல், உப்பளம், மரக்காணம், கள்ளச்சாராயம்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் ‘கள்’ என்னும் வினை வழக்கொழிந்துவிட்டது. இன்று எவரும் ‘கள்கிறான்’ என்று சொல்வதில்லை. ‘திருடுகிறான்’ என்றே சொல்வர். வினை மறைந்தாலும் அதன் பெயர்கள் மறையவில்லை. களவு, கள்ளம், கள்ளன், கள்வன் ஆகியவை வாழ்கின்றன. ‘ஆடு’ என்னும் துணைவினை கொண்டு ‘களவாடுதல்’ என ஒரு புதுவினையும் பிறந்துள்ளது. ஈழத்தமிழர் ‘களவெடுத்தல்’ என்பர். ஒரு வினை தன் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு மறைவது மொழிகளில் அரிதன்று. ஆனால் இங்கே அவ்வினையின் இடத்தை நிரப்பிய ‘திருடு’ அதன் பொருள் முழுவதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. திருட்டுக் காதல் வேறு, களவொழுக்கம் வேறு என்பதைத் தமிழ் மாணவர் எவரும் உணர்வர். ‘திருடு’ என்னும் சொல் சங்கப் பாடல்களிலும் குறளிலும் இல்லை. பின்னர் வந்த அச்சொல் பொருளைக் கவர்தல் என்னும் ஒரு கூற்றை மட்டுமே எடுத்துக்கொண்டது. எஞ்சிய கூறு ‘கள்ள’ என்னும் பெயரடையில் தங்கிவிட்டது. அந்த எச்சமே இக்கட்டுரையின் பொருள்.

அறநூலும் உரையும்

திருக்குறளின் 29ஆம் அதிகாரம் கள்ளாமை. அதன் இரண்டாம் குறள் (282) பிறர்பொருளைக் கவர எண்ணுவதே தீது என்கிறது. அக்குறளில் ‘கள்ளத்தால்’ என்னும் கருவிப்பொருட் பெயரும் ‘கள்வேம்’ என்னும் வினைமுற்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. கள்ளம் என்பதும் கள்ளுதல் என்பதும் கவர்தலையே குறித்தால், அத்தொடர் ‘கவர்தலால் கவர்வோம்’ என்னும் வெற்றுரையாகிவிடும். வள்ளுவர் வெற்றுச்சொல் பெய்பவர் அல்லர். கள்ளம் வழி, கள்வது வினை என அவர் பிரித்திருக்கிறார். அதுவும் போதாதென்று ‘பிறன்பொருளை’ எனச் செயப்படுபொருளையும் வெளிப்படையாகத் தருகிறார். வினைக்குள்ளேயே பிறர்பொருள் அடங்கியிருந்தால் அதைச் சொல்லவேண்டிய தேவை அத்துணை இராது.

பரிமேலழகர் இவ்வதிகாரத்துக்கு எழுதிய முன்னுரை இதைவிட நுட்பமானது. கள்ளாமை ஏன் இல்லறவியலில் இல்லாமல் துறவறவியலில் வைக்கப்பட்டது என்னும் வினாவுக்கு அவர் விடை தருகிறார். இல்வாழ்வார் தம் சுற்றத்தாரிடம் விளையாட்டாக வஞ்சித்து, கொள்ளத்தக்க பொருளைக் கொண்டாலும் அது பொருந்தும்; துறந்தார்க்கோ அதைக் கருதுதலே பெருங்குற்றம் என்பது அவர் கருத்து. பொருள் கைமாறுவது இரு நேர்விலும் ஒன்றே. உறவினருக்குள் நிகழும்போது அது விளையாட்டு, துறவியின் நெஞ்சில் எழும்போது அது குற்றம். ஆகவே குற்றத்தின் அளவுகோல் பொருளின் உடைமையில் இல்லை. நெஞ்சின் மறைப்பில் இருக்கிறது. கள்ளம் என்னும் சொல் ‘கள்ளமற்ற சிரிப்பு’, ‘கள்ளங்கபடம்’ என இன்றும் நெஞ்சைச் சுட்டியே வழங்குவது இவ்வுரைக்கு அரண் செய்கிறது.

களவியல் என்னும் பெயர்

தொல்காப்பியப் பொருளதிகாரம் களவியல், கற்பியல் எனக் காதலை இரு நிலையாக வகுக்கிறது. காமத்துப்பாலும் அவ்வாறே களவியல், கற்பியல் எனப் பகுக்கப்பட்டுள்ளது. 29ஆம் அதிகாரத்தில் வெறுத்து ஒதுக்கப்பட்ட சொல், 109ஆம் அதிகாரத்தில் தொடங்கும் இயலுக்குத் தலைப்பாகிறது. இம்முரண் பழைய உரையாசிரியரின் கண்ணிலிருந்து தப்பவில்லை. இறையனார் களவியலுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரை இதை நேரே எதிர்கொள்கிறது. களவு என்னும் சொல்லைக் கேட்டதும் அது தீது எனக் கொள்ளலாகாது என்று கூறி, ஒரு நிகழ்ச்சியைச் சான்றாக்குகிறது. சுற்றத்தாரோடு பிணங்கிய ஒரு பெண், நஞ்சுண்டு சாகத் துணிந்து நஞ்சைக் கூட்டி வைக்கிறாள். அருளுடைய ஒருவன் அதைக் கண்டு, அவள் அறியாமல் எடுத்துப்போய்க் கொட்டிவிடுகிறான். அவள் வந்து பார்க்கிறாள், நஞ்சு இல்லை, உயிர் தப்புகிறாள். அவன் செய்ததும் களவே, எனினும் அது நன்மையில் முடிந்தது என்பது உரையின் முடிவு.

இச்சான்றைப் பலரும் ‘நோக்கம் நல்லதாயின் செயலும் நல்லது’ என்னும் அறக்கருத்தாகவே எடுத்தாளுவர். சொற்பொருள் நோக்கில் அதன் எடை வேறு. உரைகாரர் தேடியிருந்தால் காதலுக்கு நெருக்கமான சான்று கிடைத்திருக்கும். அவர் நஞ்சைத் தெரிந்தெடுத்தார். நஞ்சு எவருக்கும் பயன்தரும் உடைமை அன்று. எடுத்தவனும் அதைத் தன் பொருளாக்கிக்கொள்ளவில்லை, கொட்டிவிட்டான். உடைமை, ஆதாயம் ஆகிய இரண்டையும் நீக்கிய பிறகு அச்செயலில் மிஞ்சுவது ‘அவள் அறியாமல்’ என்பது ஒன்றே. அந்த ஒன்றை வைத்தே அவர் அதைக் களவு என்கிறார். இது வெறும் எடுத்துக்காட்டு அன்று, ஓர் இலக்கண வரையறையே எனலாம்.

குறுந்தொகை 25இல் கபிலரின் தலைவி தன்னை மணந்தவனைக் கள்வன் என்கிறாள். அவன் எதையும் எடுத்துச்செல்லவில்லை. அன்று அங்கே வேறு எவரும் இல்லை, இரைதேடி நின்ற குருகு ஒன்றைத் தவிர. அவன் பொய்த்தால் சான்று இல்லை என்பதே அவள் அச்சம். சான்றில்லாமையே களவு. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ‘கள்வன் பத்து’ என ஒரு பத்து உண்டு. அதில் கள்வன் என்பது நண்டு. வளைக்குள் ஒளிந்துகொள்ளும் உயிருக்கு இப்பெயர் அமைந்ததற்குக் கவர்தற்பொருளைவிட மறைதற்பொருளே பொருத்தமானது. ஞானசம்பந்தர் தம் முதற்பதிகத்தில் சிவனைக் கள்வன் எனப் பாடியதும், காஞ்சிபுரத்துத் திருக்கள்வனூரும், திருக்கடையூரில் அமுதக்குடத்தை ஒளித்த பிள்ளையார் கள்ளவாரணர் எனப் பெயர் பெற்றதும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கன.

இவ்வாதத்திற்கு எதிரான சான்றுகளும் உள. பொருநராற்றுப்படையில் வரும் ஆறலைகள்வர் வழிப்போக்கரை வெளிப்படையாகத் தாக்கிப் பறிப்பவர். அங்கே மறைப்பு எங்கே என்று வினவலாம். வழிப்பறிக்காரர் பதுங்கியிருந்து பாய்பவர் என விடை கூறலாம். ஆனால் அவ்விடை முழுநிறைவு தரவில்லை. அகநானூறு 61இல் மாமூலனார் புல்லியைக் கள்வர் கோமான் என்பதும் இச்சிக்கலின் மற்றொரு முகம். அங்கே அச்சொல் ஓர் இனக்குழுவின் பெயராகவே நிற்கிறது, இழிவுக்குறிப்பு இல்லை. சொல்லின் எல்லை ஓரங்களில் கவர்தற்பொருள் மிகப் பழங்காலத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது என ஒப்புவதே முறை. மையம் எது என்பதே கேள்வி. ஓரம் எதுவரை என்பதன்று. ‘கொள்’ என்னும் அடியிலிருந்து வந்த கொள்ளை, ‘வௌவு’, ‘பறி’ ஆகியவை வலிந்து கொள்ளுதலைக் குறிக்கத் தனியே இருக்க, ‘கள்’ அவற்றோடு போட்டியிடாமல் நின்றதற்கு அம்மையமே காரணம்.

‘களவும் கற்று மற’ என்னும் பழமொழிக்கு இன்று வழங்கும் விளக்கமொன்றையும் இங்கே குறிக்கலாம். களவைக் கற்கச் சொல்வது அறமாகாது என்று அஞ்சி, ‘களவும் கத்தும் மற’ என்பதே சரியான வடிவம் எனச் சிலர் திருத்துகின்றனர். களவைத் திருட்டு என்று மட்டும் பொருள்கொண்டதால் எழுந்த அச்சம் இது. சொல்லைக் குறுக்கிவிட்டுப் பழமொழியைத் திருத்துவது செருப்புக்காகக் காலை வெட்டும் வேலை.

எயிற்பட்டினமும் உப்பும்

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, அவன் நாட்டுக் கடற்கரையூராக எயிற்பட்டினத்தைக் காட்டுகிறது. இதை மரக்காணத்தோடு இணைத்துக் காணும் அறிஞர் உளர். அங்கே செல்லும் பாணருக்கு நுளையர் மகள் அரித்த பழந்தேறலைப் பரதவர் ஊட்டுவர் என்கிறது பாட்டு. அந்நூலிலேயே உப்பு வணிகரான உமணரின் வண்டித்தொடரும் இடம்பெறுகிறது. கடற்கரையின் இரு விளைபொருள்களான உப்பும் தேறலும் இங்கே வெளிப்படையானவை. ஒன்று வண்டியேறிப் பெருவழியே செல்கிறது. மற்றொன்று விருந்தினர் கையில் தரப்படுகிறது.

அம்மூவனாரின் அகப்பாடல்களிலும் (அகநானூறு 140, 390) உப்பு விற்பவள் தெருவில் கூவியே விற்கிறாள். நெல்லும் உப்பும் ஒத்த அளவில் மாறும் பண்டமாற்று அது. அவளைக் கண்ட தலைவனின் நெஞ்சில் நிகழ்வதே களவு, அவள் கூடையில் இருப்பதில் களவு இல்லை. நெய்தலில் களவுக்கூட்டத்தின் இடமாகப் பெரிதும் வருவது புன்னையடர்ந்த கானல். உப்பளம் அவ்வாறு வருவதில்லை. அதற்கான காரணத்தை மரக்காணத்தில் நின்று பார்ப்பவர் எளிதில் உணர்வர். கழுவெளி ஏரியின் நீர்ப்பரப்புக்கும் கடலுக்கும் இடையில் விரியும் பாத்திகளில் நிழல் இல்லை, மறைப்பு இல்லை. வெயிலும் காற்றும் தடையின்றிப் பட்டால்தான் உப்பு விளையும். ஒளிவிடம் அற்ற நிலம் அது. அந்நிலத்தின் விளைச்சலுக்குக் ‘கள்ள’ என்னும் அடைமொழி வந்து சேர, இலக்கியத்துக்கு வெளியே ஓர் ஆற்றல் தேவைப்பட்டது.

சட்டம் செய்த களவு

1805ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பு உற்பத்தியையும் விற்பனையையும் தன் தனியுரிமையாக்கியது. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் அக்கட்டுப்பாட்டைத் தொகுத்து வலுப்படுத்தியது. உரிமமின்றி உப்புக் காய்ச்சுவதும், உவர்மண்ணிலிருந்து உப்பெடுப்பதும், அளத்திலிருந்து உப்பை அகற்றுவதும் குற்றங்களாயின. கடற்கரையில் தானாகப் பூத்த உப்பை வாரிய கையும் குற்றம் செய்த கை ஆனது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம். இவ்வூர் உப்பு அரசின் கணக்குக்குள் படகேறிச் சென்னைக்குச் செல்லும் வழி அது. கணக்குக்கு வெளியே சென்ற உப்பு, அதே பாத்தியில் அதே நீரில் விளைந்ததாயினும், கள்ளப் பொருள். பொருளில் வேறுபாடு இல்லை. அரசின் கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

‘கள்ள’ என்னும் பெயரடையின் நவீன வாழ்வு இங்கிருந்தே புரிந்துகொள்ளத்தக்கது. கள்ளச்சந்தை, கள்ளநோட்டு, கள்ளஓட்டு, கள்ளக்கடத்தல், இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழரை இழிவுபடுத்த வழங்கிய கள்ளத்தோணி ஆகிய இச்சொற்களில் எதிலும் தனியொருவரின் உடைமை கவரப்படுவது மையமன்று. கள்ளநோட்டு அடிப்பவன் எவர் பணத்தையும் எடுப்பதில்லை. கள்ளத்தோணியில் வந்தவர் எவர் தோணியையும் கவரவில்லை. அரசின் பதிவேட்டில் இடம்பெறாமை ஒன்றே இவற்றின் பொதுக்கூறு. சான்றில்லாக் கூட்டத்தைக் கள்வன் என்ற கபிலரின் தலைவியும், பதிவில்லாப் பயணியைக் கள்ளத்தோணி என்ற அதிகாரியும் ஒரே வேரையே பயன்கொள்கின்றனர். ஒருத்தி தன் துயரத்தைச் சொல்ல, மற்றவர் பிறரைத் துயரத்துக்குள்ளாக்க. களவொழுக்கத்தைப் பாடமாக வைத்துப் போற்றும் சமூகத்தின் நாளேடுகளிலேயே ‘கள்ளக்காதல்’ என்னும் தலைப்பு கொலைச்செய்திக்கு மேல் அச்சாவதும் இவ்வேரின் விந்தையே.

இந்தியத் தண்டனைச் சட்டம் (1860) 378ஆம் பிரிவில் திருட்டை வரையறுத்தபோது மறைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறர் வசமுள்ள அசையும் பொருளை, அவர் இசைவின்றி, நேர்மையற்ற கருத்தோடு அகற்றுவதே திருட்டு. மண்ணோடு பொருந்தியிருக்கும் வரை ஒரு பொருள் திருட்டுக்கு உரியதாகாது, மண்ணிலிருந்து பிரிந்த கணமே உரியதாகும் என்றும் அப்பிரிவின் விளக்கம் கூறியது. பட்டப்பகலில் எல்லாரும் காண எடுத்தாலும் அது திருட்டே. தமிழ்ச் சட்டச்சொல்லாட்சி இதற்குக் களவைத் தேராமல் ‘திருட்டு’ என்பதைத் தேர்ந்தது பொருத்தமே. இரு சொற்களுக்கும் இடையிலுள்ள பிளவை அது தன்னையறியாமலே காத்துவைத்தது.

அப்பிளவு 1930இல் அரசியல் உருவம் பெற்றது. ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட இராஜாஜியின் அணி, மாத இறுதியில் வேதாரண்யம் கடற்கரையில் உப்பு எடுத்துச் சட்டத்தை மீறியது. நாளும் வழியும் முன்னறிவித்துச் செய்த செயல் அது. சட்டம் அதைக் குற்றம் என்றது. ஆனால் அறிவித்துவிட்டு எடுப்பவரைத் தமிழ் கள்வர் என்று சொல்லாது. ‘அறியாமல்’ என்னும் கூறு அங்கே இல்லை. போராட்டத்தின் ஆற்றலில் ஒரு பங்கு, சட்டத்தின் சொல்லுக்கும் மக்களின் சொல்லுக்கும் இடையிலிருந்த இவ்விலகலிலிருந்து வந்தது எனலாம்.

உப்பைத் தொட்டு எழுந்த ‘களவு’ மனிதர்மீதும் ஏறியது. கடற்கரை உப்பை மாட்டின்மீதும் கழுதையின்மீதும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று தானியத்துக்கு மாற்றிய கொறவர், பழைய உமணரின் தொழில்வழித் தொடர்ச்சியினர் எனத்தகும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகள் அவர்களுள் உப்புக் கொறவர் என்னும் பிரிவைக் குறிக்கின்றன. இருப்புப்பாதையும் அரசின் உப்புக்கொள்கையும் அவர்கள் வணிகத்தை அழித்தன. அதன்பின் அவர்களே குற்றப்பரம்பரையினராக அறிவிக்கப்பட்டனர் என்பதை மீனா ராதாகிருஷ்ணா தம் 2001ஆம் ஆண்டு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாள்தோறும் காவல்நிலையத்தில் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டியவர்களாயினர். வழிநெடுக எல்லாரும் அறிய உப்பு விற்றவர்கள், எங்கே போகிறார்கள் என்று பதிவாகாமையால் மறைந்து திரிபவர்களாகக் காணப்பட்டனர். சங்கப் பாடல்களின் உமணரை வியந்து எழுதும் ஆய்வுகள் பல. அவ்வியப்பு இவ்வரலாறு வரை நீள்வது அரிது.

கள்ளச்சாராயமா, விஷச்சாராயமா?

சென்னை மாகாணத்தில் உப்பையும் சாராயத்தையும் ஒரே துறை ஆண்டது. உப்பு–அப்காரித் துறை என்பது அதன் பெயர். நத்தத்தனார் எயிற்பட்டின நாட்டில் கண்ட இரு பொருள்களும் ஒரே அதிகாரியின் மேசைக்கு வந்துசேர்ந்தன. உப்புச் சட்டத்தை மீறிய இராஜாஜியே 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். உப்பின் கள்ளத்தன்மை 1947இல் வரி நீங்கியதோடு உதிர்ந்தது. சாராயத்தோடு அது ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதும் தடைசெய்யப்பட்டது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் தனியுரிமை. (கள் என்னும் குடிப்பொருளுக்கும் ‘கள்’ என்னும் வினைக்கும் வேர்த்தொடர்பு காட்ட முயல்வோர் உளர். திராவிடச் சொற்பிறப்பகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. ஒலியொப்புமையை வரலாறாக்க வேண்டியதில்லை.)

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த மீனவர் குப்பமான எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து மாண்டனர். மரக்காணம் பகுதியில் பதினான்கு பேர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நிகழ்ந்தன. அவர்கள் குடித்தது கள்ளச்சாராயம் அன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் விஷச்சாராயம் என்று காவல்துறைத் தலைமை விளக்கம் அளித்தது. இவ்விளக்கத்தை நழுவல் என்று கண்டித்தவர் பலர். அரசியல் நோக்கில் அக்கண்டனம் நியாயமே. சொல்லை மாற்றிப் பொறுப்பை மாற்ற முயலும் உத்தி அதில் இருக்கிறது. கள்ளச்சாராயம் என்றால் காய்ச்சுவதைத் தடுக்கத் தவறிய காவல்துறைமீது கேள்வி எழும். விஷம் என்றால் அது தற்செயலின் கணக்கில் சேரும்.

எனினும் விளக்கத்தின் சொல்லாட்சி ஆய்வுக்குரியது. ‘கள்ள’ என்பதற்கு அது கொண்ட பொருள் ‘உரிமமின்றிக் காய்ச்சிய’ என்பது மட்டுமே. உப்புச் சட்டம் தந்த பொருளும் அதுவே. அந்தப் பொருளில் மெத்தனால் கள்ளச்சாராயம் ஆகாது. அது காய்ச்சப்படவே இல்லை. பழைய பொருளில் பார்த்தால் முடிவு தலைகீழாகும். குடித்தவர்களுக்கு விற்றவர் யார் என்பது தெரியும், விற்பனை அவர்களிடமிருந்து மறைக்கப்படவில்லை. அரசின் ஏட்டில் இல்லாத விற்பனை அந்தக் குப்பத்துக்கு அன்றாடம். அவர்களிடமிருந்து மறைக்கப்பட்டது உள்ளிருந்த பொருள் இன்னதென்பது. வள்ளுவரின் ‘கள்ளத்தால்’ என்னும் சொல் சுட்டுவது இத்தகைய மறைப்பைத்தான். ஆகவே அதைக் கள்ளச்சாராயம் அன்று என மறுத்த அதே காரணம், அதாவது அது சாராயமே அன்று, நஞ்சு என்னும் உண்மை, அச்சொல்லை அதன் முழுப்பொருளில் உரியதாக்குகிறது.

களவியல் உரையின் அருளுடையவன் நஞ்சை ஒரு பெண் அறியாமல் எடுத்தான். எக்கியார்குப்பத்தில் நஞ்சு குடிப்பவர் அறியாமல் கொடுக்கப்பட்டது. எடுத்தலும் கொடுத்தலும் எதிர்வினைகள். உடைமையை அளவுகோலாகக் கொண்ட 378ஆம் பிரிவின் பார்வையில் இவ்விரண்டுக்கும் பொதுவான எதுவும் இல்லை, கொடுத்தலைத் திருட்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. தமிழில் இரண்டையும் ‘கள்’ என்னும் ஒரே அடியால் சொல்ல முடிகிறது. அகராதிகள் களவு, கள்ளம், கள்ள ஆகியவற்றைத் தனித்தனிப் பொருள்களாக எண்ணிட்டு அடுக்கும்போது முதலிடம் திருட்டுக்கே தரப்படுகிறது. அவ்வரிசையில் முதலாவதாக ‘பிறர் அறியாமை’ இடம்பெறுமாயின், களவியலுக்கும் கள்ளாமைக்கும் கள்ளச்சாராயத்துக்கும் தனித்தனி எண்கள் தேவைப்படுமா என்பது அகராதித் தொகுப்பாளர் மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டிய வினா.